டாக்டர் துரை விட்டுப்போன ஐஸ் பெட்டி

ஜெபமணியின் அடக்கத்துக்குக் கோயில் மணி அடிக்கவில்லை.

சித்தூரில் அந்தப் பழைய மிஷன் கோயிலில் இருபத்தாறு வருஷம் மணி அடித்தவர் அவர். சபையில் யார் செத்தாலும் செத்தவர் வயசு எத்தனையோ அத்தனை மணி எண்ணி அடிப்பது அங்கே வழக்கம். தொட்டில் பிள்ளைக்கு ஒன்று, எண்பது வயசுக் கிழவிக்கு எண்பது. இருபத்தாறு வருஷத்தில் ஜெபமணிக்கு ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பினதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனை ஐம்பத்தெட்டு வயசில் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மணி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கிறவரே போய்விட்டார், யார் அடிப்பது என்றார்கள் கமிட்டிக்காரர்கள். ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கச் சித்தூரில் ஆளே கிடைக்கவில்லையாம்!

உண்மைக் காரணம் அவர் மனைவி தபீதாளுக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்த பெண்களே அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். கை வைக்கக் கூடாத இடத்தில் ஜெபமணி கை வைத்தார், தேவன் அடித்துவிட்டார் என்பதுதான் பேச்சு. அவர் வலது உள்ளங்கையில் சூடு போட்டதுபோல ஒரு கருப்புக் கோடு இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மூப்பர் தியோடர் கமிட்டியைக் கூட்டி விசாரிக்கிறவரை மணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சபையின் போதகர் ஞானசிங் ஐயர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

தபீதாள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம், கோயிலை ஒட்டி ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில் நின்ற ஒரு ஐஸ் பெட்டி. யுத்தம் முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, தன் பங்களாவில் வைத்திருந்த கரண்ட் ஐஸ் பெட்டியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் உயரம், பால்வெள்ளைப் பெயின்ட், நிக்கல் பூசின கைப்பிடி. மூடினால் டக்கென்று தாழ் விழும். பின்பக்கம் எந்நேரமும் ஒரு முனகல் சத்தம் இருக்கும். சித்தூரில் அப்போது அப்படிப்பட்ட பெட்டி மூன்றோ நாலோ இருந்திருந்தால் அதிகம்.

அதை வைத்துக்கொண்டு கோயில் என்ன செய்யும்? அதற்கும் ஒரு வேலை இருந்தது. மாசம் முதல் ஞாயிறு இராப்போஜனம், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்கிற பந்தி. அந்தச் சபையில் சாராயம் கலந்த எதையும் பந்தியில் வைக்க மாட்டார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சிப் பிழிந்த ரசம்தான். சித்தூர் வெயிலுக்குச் சனிக்கிழமை செய்த ரசம் ஞாயிறு காலையில் நுரைத்து நிற்கும். துரையின் பெட்டி வந்த பிறகு அந்தக் கவலை விட்டது. ரசம் காய்ச்சுவதும் வெஸ்ட்ரியைக் கழுவிப் பெட்டியைத் துடைப்பதும் தபீதாளின் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஜாடியை அவள் கொண்டுபோய்க் கொடுக்க, ஐயர் தன் கையால் பெட்டியைத் திறந்து உள்ளே வைப்பார். ஞாயிறு காலை மூப்பர் தியோடர் எடுத்து மேஜைக்குக் கொண்டுவருவார். தியோடர் எப்போதும் தோள் துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டுதான் கைப்பிடியைத் தொடுவார். என்ன பயபக்தி என்று எல்லாரும் மெச்சிக்கொள்வார்கள். பரிசுத்தமான அறை என்று வெஸ்ட்ரிக்குள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போவார்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தபீதாளின் கையில் சுரீரென்று ஏறியது. முழங்கை வரைக்கும் மரத்துப்போனது. அவள் துணியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பந்தியின் ரசம் இருக்கிற பெட்டி அது. தகுதி இல்லாமல் தொடுகிறவன் தண்டனையைத் தானே தேடிக்கொள்கிறான் என்று இராப்போஜனத்துக்கு முந்தின ஆயத்த ஆராதனைதோறும் ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார். தபீதாளுக்கோ மனசில் ஒரு முள் இருந்தது. புத்தூரில் இருக்கிற தங்கை கிரேஸ், நைனா செத்தபோது நேரத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. தபீதாள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. நைனா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனதற்காக ஒன்பது வருஷமாகத் தங்கையோடு பேச்சு இல்லை. கிரேஸ் போட்ட கடுதாசிகளைப் பிரிக்காமலே டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்திருந்தாள். அந்த மனசோடு மாசாமாசம் பந்தியில் உட்கார்ந்தோமே, அதற்குத்தான் அடித்திருக்கிறார் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால், உனக்கு என்ன பாவம் என்று கேட்பார்கள்.

மாசியில் இரண்டாம் தடவை அடித்தது. அன்றோடு பயம் முற்றிவிட்டது. கணவரிடம், "இனிமே பெட்டிய நீங்களே தொடைங்க, ஜாடிய நீங்களே கொண்டு போங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எதையும் ஏன் என்று கேட்கிற மனுஷன் இல்லை அவர். வைகாசி மாசத்துச் சனிக்கிழமை வரைக்கும் அவரே கொண்டுபோனார்.

அந்தச் சனிக்கிழமை கிணற்றடியில் கூட்டம். தண்ணீர் எடுத்துவரத் தாமதமாகிவிட்டது. காலையில் கழுவ வேண்டிய வெஸ்ட்ரியைத் தபீதாள் மூணு மணிக்குத்தான் கழுவினாள். தரை காயுமுன்னே ஜெபமணி ஜாடியோடு உள்ளே போனார். ஜாடி உடைந்த சத்தம் கேட்டு அவள் ஓடினபோது, பெட்டிக் கதவு திறந்து கிடந்தது. அவர் ஈரத்தில் மல்லாந்து கிடந்தார். சிந்தின ரசம் அவர் வெள்ளைச் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறப்பது ஐயர் வேலை ஆயிற்றே, இவர் ஏன் திறந்தார்? ஐயர் வரத் தாமதம், அவசரப்பட்டுவிட்டார் போலிருக்கிறது என்று தபீதாளும் நினைத்தாள். சபையோ அதற்குத் துணிகரமான பாவம் என்று பேர் வைத்தது.

மூன்றாம் நாள் திருப்பதியிலிருந்து எர்னஸ்ட் வந்தான். ஜெபமணியின் அண்ணன் மகன். திருப்பதியில் எலெக்ட்ரிக் ஒயர்மேன், மலையடிவாரத்துச் சத்திரங்களுக்கெல்லாம் லைட் போட்டவன். தந்தி கையில் கிடைக்கவே தாமதமாம். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ் வேறு புத்தலப்பட்டில் மூணு மணி நேரம் நின்றுவிட்டது. சித்தப்பா முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று வாசலிலேயே உட்கார்ந்து விம்மினான். அந்த வார்த்தையைக் கேட்டதும் தபீதாளுக்கு ஒன்பது வருஷத்துக்கு முந்தின தன் குரலே திரும்பக் கேட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்ததையும் உள்ளங்கைக் கோட்டையும் அவள் சொன்னதும் அவன் அழுகையை நிறுத்தினான்.

"கோடா? கைப்பிடியப் புடிச்சா அது படுற எடத்துலியா?"

"ஆமா."

"சின்னம்மா, எழுந்திரு. அந்தப் பொட்டிய எனக்குக் காட்டு."

வெஸ்ட்ரிக்குள் அவன் செருப்பைக் கழற்றாமல் போனான். தபீதாள் திடுக்கிட்டாள். ஆனால் தடுக்கவில்லை. ஒரு பல்பில் மாட்டின இரண்டு ஒயர்களில் ஒன்றைப் பெட்டியின் கைப்பிடியிலும் மற்றதை, மண்ணுக்குள்ளிருந்து வருகிற, கோடையில் தண்ணீர் நின்றுபோன முகம் கழுவும் குழாயிலும் வைத்தான். பட்டப்பகலில் பல்பு எரிந்தது. அவன் பிளக்கைப் பிடுங்கி, அதன் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். உள்ளே மூன்று ஒயர் வந்திருந்தது. இரண்டை முடுக்கியிருந்தார்கள். மூன்றாவதை மடித்து, வெள்ளை நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"துரை பங்களாவுல இந்த மூணாவது ஒயரு மண்ணுக்குள்ள பொதச்ச இரும்புக் குழாய்க்குப் போயிருக்கும். உள்ள எங்கனா கரண்டு கசிஞ்சா அது வழியா மண்ணுக்குப் போயிடும், ஆள அடிக்காது. இங்க லைட்டுக்குப் போட்ட ரெண்டு ஓட்டை பாயிண்டுதான் இருக்கு. மூணாவத எங்க வைக்கிறதுன்னு தெரியாம மடிச்சிக் கட்டிட்டாங்க. கசிஞ்ச கரண்டு அத்தனையும் தகரத்துல நின்னுகினு இருந்திருக்கு. ஈரத் தரை, வெறுங்கால்..." அவன் தரையைக் காட்டினான்.

தபீதாள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையை ஈரமாக்கினது தன் கை. அது அவள் நெஞ்சில் கல்லாக இறங்கியது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவர் ஒரு பாவமும் செய்யவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. சபையும் கலையாமல் உட்கார்ந்திருந்தது. எர்னஸ்ட் பிளக்கை எல்லார் கையிலும் கொடுத்து விளக்கினான். அதைக் கையில் வாங்கின தியோடரின் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பெட்டியைப் பங்களாவிலிருந்து கொண்டுவந்து கரண்ட் மாட்டினது அவர் ஏற்பாடு. ஆனால் சுதாரித்துக்கொண்டார்.

"தம்பி, நீ சொல்றது இன்னிக்கி நெலைமை. தேவன் அடிச்ச அடியில பொட்டி கெட்டுப் போயிருக்கலாம் இல்ல? ஆறு மாசமா எத்தினி பேரு தொட்டோம். அதுக்கு முன்னாடி யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலியா? ஒரு சுருக்குகூட இல்லியா?" என்று எர்னஸ்ட் சபையைப் பார்த்துக் கேட்டான்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் பக்கம் கூரையைப் பார்த்தது, பெண்கள் பக்கம் பாயைப் பார்த்தது. எர்னஸ்டுக்கு அந்த மௌனம் புரியவில்லை. தபீதாளுக்குப் புரிந்தது. ஏனென்றால் அவளும் ஆறு மாசமாக அதே மௌனத்துக்குள் உட்கார்ந்திருந்தவள். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டால் அவர் பேர் இப்படியே மண்ணுக்குள் கிடக்கும். கமிட்டியில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு அடிச்சிச்சி."

தியோடர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொன்ன?"

"மார்கழியிலயே அடிச்சிச்சி. மாசியில திரும்ப அடிச்சிச்சி. நான் பாவின்னு நெனச்சி வாய மூடிக்கினு இருந்தேன். கூடப் பொறந்த தங்கச்சியோட ஒம்போது வருஷமா பேசாம இந்தப் பந்தியில வந்து குந்திக்கினு இருக்கேன், அதுக்கு அடிக்கிறார்னு நெனச்சேன். பயந்துபோயி என் வேலைய அவர் தலையில கட்டினேன். அவரு கை சுத்தமான கை, அவர ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். அன்னிக்கே எனக்குக் கையில அடிச்சிச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் புள்ளைய வரவெச்சிக் காட்டியிருப்பாரு. உசிரோட இருந்திருப்பாரு." சொல்லி முடித்த பிறகும் அவள் உட்காரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மேஜை விரிப்பு மாற்றுகிற ஜெயம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "எனக்கும்தான். தை மாசம். நான் எதுக்குன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆர்மோனியம் வாசிக்கிறவர் எழுந்தார். பிறகு ஞாயிறு பள்ளி வாத்தியார். ஒவ்வொருவருக்கும் ஒரு அடி, ஒவ்வொரு அடிக்கும் அவரவர் மனசில் ஒரு பாவம். பாவத்துக்கா பஞ்சம்? பெட்டியைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அடி வாங்கியிருந்தார்கள். அத்தனை பேரும் தங்கள் பாவத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடியை மறைத்திருந்தார்கள்.

தியோடர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் இந்தத் துணியச் சுத்திக்கினு தெறந்தது பக்தியில இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளை நூலைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

கடைசியில் ஞானசிங் ஐயர் எழுந்தார். அவர் கை பலிபீடக் கம்பியைப் பிடித்திருந்தது.

"ஜெபமணி துணிகரமா தெறக்கல" என்றார். "நான்தான் தெறக்கச் சொன்னேன். பங்குனியில எனக்கு அடிச்சிது. அதுக்கப்புறம் நான் அந்தப் பொட்டிய தொடல. வெஸ்ட்ரி வாசப்படியில நின்னுகினு, ஜெபமணி, நீயே தெறந்து வெச்சிடு அப்படின்னேன். இந்தச் சபையில என்னக்காட்டியும் யோக்கியன் யாருன்னு யோசிச்சிப் பாத்து, அவன அனுப்பினேன். அன்னிக்கும் நான் அந்த வாசப்படி வரைக்கும் வரல. வூட்டுல குந்திக்கினு இருந்தேன். அவன் செத்த பெறவு வாயத் தெறந்தா, நீ ஏன் தெறக்கலன்னு கேப்பீங்க. அதனால மணிய நிறுத்தச் சொன்னப்ப சரின்னேன்."

தபீதாள் அவரையே பார்த்தாள். அவரைத் திட்ட வேண்டும் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. ஒரு வாரமாக இடம் தேடிக்கொண்டிருந்த கோபம் அது. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் தன் வாயால் கொஞ்சம் முன்னே சொன்னதாகவே இருந்தது. சபையிலேயே நல்லவன் என்றுதான் இரண்டு பேரும் ஜெபமணியை அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பெட்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சூளூர்பேட்டை மீன் வியாபாரி வேதாச்சலம், எப்படியோ கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றார். கெட்டிருந்தாலும் பரவாயில்லை, ரிப்பேர் பார்த்து மீன் வைத்துக்கொள்கிறேன், கொடுத்துவிடுங்கள் என்றார். சனியன் தொலைந்தால் போதும் என்று கமிட்டியில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

"குடுக்கக் கூடாது" என்றாள் தபீதாள். "மீன்காரங்க கை என்னிக்கிக் காஞ்சிருக்கும்? காலும் தண்ணியிலதான் நிக்கும். எங்க வூட்டுல நடந்தது போதும், ஐயா. நீங்க புள்ள குட்டிக்காரரு, போயிட்டு வாங்க."

வேதாச்சலம் அவள் முகத்தைப் பார்த்தார். கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

எர்னஸ்ட் பெட்டியை வேப்பமரத்தடிக்குத் தூக்கிவரச் செய்தான். முதலில் ஒயரைப் பெட்டியோடு ஒட்டி வெட்டி எறிந்தான், யாரும் மறுபடி மாட்டிப் பார்க்க முடியாதபடி. பிறகு கீல்களைக் கழற்றிக் கதவைத் தனியாக எடுத்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிற இடம் அது, உள்ளே ஒரு பிள்ளை புகுந்து தாழ் விழுந்துவிட்டால் உள்ளிருந்து திறக்க வழியே இல்லை, கத்தினாலும் வெளியே கேட்காது என்றான். பின்பக்கக் குழாய்களை யாரும் தட்டக் கூடாது, அதற்குள் இருக்கிற வாயு மூச்சை அடைக்கும், பட்டணத்திலிருந்து ஆள் வந்து பாங்காக இறக்கினபிறகுதான் உடைக்க வேண்டும் என்று முள்ளை வெட்டிப்போட்டுச் சுற்றி அடைக்கச் சொன்னான்.

கதவு புல்லில் கிடந்தது. நிக்கல் கைப்பிடி வெயிலில் மின்னியது. தபீதாள் குனிந்து அதை வலது கையால் பற்றினாள், இறுக்கமாக, அவர் பிடித்திருப்பார் என்று நினைத்த மாதிரியே.

ஒன்றும் இல்லை. வெயிலில் காய்ந்த சூடு மட்டும் இருந்தது. கிரேஸின் கடுதாசிகள் இன்னும் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தன. அவள் பாவம் போன மார்கழியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆனாலும் கை சும்மா இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. புல்லிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனாள். கயிறு அவர் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. ஞானசிங் ஐயர் அங்கே முன்னமே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், கயிற்றைத் தொடத் தைரியம் இல்லாமல்.

"நான் அடிக்கலாமா, தபீதாள்?" என்றார். "உனக்கு இஷ்டம் இல்லன்னா போயிடறேன்."

அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"ஐம்பத்தெட்டு அடிக்கணும், ஐயரே" என்றாள். "இருபத்தொம்போது நான் அடிக்கிறேன். இருபத்தொம்போது நீங்க அடிங்க. நாம ரெண்டு பேருந்தானே அவர அனுப்பி வெச்சோம்."

அவள் கயிற்றை இழுத்தாள். முதல் மணி அடித்தது. ஐயர் பக்கத்தில் நின்று, எண்ணிக்கை தப்பாமல் இருக்க, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.